ஃபுல் டேங்க் வேண்டாம்: சிமுலேட்டரில் எரிபொருளும் எடையும் கணக்கிடுவது எப்படி

கணினி விமான சிமுலேட்டரில் போயிங் 737 ஓட்டத் தொடங்கும் பலர் முதலில் செய்வது, எரிபொருள் பட்டையை வலது ஓரம் வரை இழுத்துவிட்டு, எல்லா இருக்கையிலும் ஆட்களை ஏற்றிவிட்டு ஓடுபாதைக்குப் போவதுதான். விமானம் தரையை விட்டு எழச் சோம்பல்படும். 37,000 அடிக்கு ஏற மறுக்கும். இறங்கும்போது வேகம் அதிகமாக இருக்கும், பிரேக் போதாது. பழி விமான மாடல் மீது விழும். ஆனால் மாடல் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், எடைதான் தப்பு.

விமானத்தில் எரிபொருள் வெறும் இருப்பு அல்ல, அதுவும் ஒரு சுமை. அந்தச் சுமையைத் தூக்கிச் செல்லவும் எரிபொருள் செலவாகும். அதனால் கணக்கை டேங்கில் தொடங்காமல் ஆட்களிலும் சாமான்களிலும் தொடங்க வேண்டும். பிறகு தேவையான எரிபொருள், கடைசியில் வரம்புச் சோதனை. இந்த வரிசை மாறினால் கணக்கு எங்காவது இடிக்கும்.

கீழே வரும் பெரிய கணக்குக்கு போயிங் 737-800, சென்னையிலிருந்து சிங்கப்பூர். ஈர்ப்பு மையத்தை விளக்க செஸ்னா 172எஸ், ஏனென்றால் அதில் எல்லாவற்றையும் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

எடையின் பெயர்கள்

விமானம், விமானிகள், பணிக்குழு, உணவு வண்டிகள் எல்லாம் சேர்ந்து, பயணியும் எரிபொருளும் இல்லாத நிலையில் இருக்கும் எடை இயக்க வெற்று எடை. அதோடு பயணிகளையும் சரக்கையும் சேர்த்தால் ஸீரோ ஃப்யூவல் வெயிட். விமானத்தின் பயணக் கணினியான எஃப்எம்சியின் திரையில் இசட்எஃப்டபிள்யூ என்று வருவது இதுதான். அதன் மேல் எரிபொருளைக் கூட்டி, டாக்ஸியில் (ஓடுபாதை வரை தரையில் உருண்டு போகும்போது) எரிவதைக் கழித்தால் டேக்-ஆஃப் எடை. அதிலிருந்து வழியில் எரிவதைக் கழித்தால் லேண்டிங் எடை.

737-800க்குப் பொதுவான உச்ச வரம்புகள்: ஸீரோ ஃப்யூவல் 62,730 கிலோ, டேக்-ஆஃப் 79,010 கிலோ, லேண்டிங் 66,360 கிலோ. டேங்குகளின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 20,890 கிலோ. வெற்று எடை ஒவ்வொரு நிறுவனத்தின் விமானத்துக்கும் மாறும், சிமுலேட்டரில் தனியாகச் சேர்க்கும் ஒவ்வொரு ஆட்-ஆன் விமானத்துக்கும் மாறும். உங்கள் மாடலில் உள்ள எண்ணைத்தான் எடுக்க வேண்டும். இங்கே கணக்குக்கு 42,500 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அலகைப் பாருங்கள்

கிலோவா பவுண்டா என்பதை விமானத்தின் டேப்லெட், எஃப்எம்சி, சிமுலேட்டரின் அமைப்பு, சிம்பிரீஃப் (பறப்புத் திட்டம் போட்டுத் தரும் இணையச் சேவை) கணக்கு என்று நான்கு இடத்திலும் பார்த்து ஒன்றாக்குங்கள். ஒரு கிலோ 2.205 பவுண்டு. ஒரு இடத்தில் மட்டும் மாறியிருந்தாலும் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் பிசகும்.

இது நிஜ விமானத்திலேயே நடந்திருக்கிறது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா 143, ஒரு போயிங் 767, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. தேவைப்பட்டது 22,300 கிலோ. டேங்கில் ஏற்கெனவே இருந்தது 7,682 லிட்டர். அளவுமானி வேலை செய்யாததால் அளவுக்கோல் விட்டுப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். லிட்டரை எடையாக மாற்ற 0.8 என்ற கிலோ எண்ணுக்குப் பதில் 1.77 என்ற பவுண்டு எண்ணைப் பயன்படுத்திவிட்டார்கள். 20,000 லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டிய இடத்தில் ஏறியது 4,917 லிட்டர். கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்து வந்து இறங்கியதால் எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

ஜெட் எரிபொருளுக்கு லிட்டருக்கு 0.8 கிலோ என்று நினைவில் வைத்தால் போதும். டேங்கில் 3,000 கிலோ இருக்கிறது, 13,500 வேண்டும் என்றால், 10,500ஐ 0.8ஆல் வகுக்க 13,125 லிட்டர். செஸ்னா குடிக்கும் ஆவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் ஒரு அமெரிக்க கேலனுக்கு 6 பவுண்டு.

சென்னை–சிங்கப்பூர் கணக்கு

பயணிகள் 160 பேர். பையோடு ஆளுக்கு 100 கிலோ என்று வைத்தால் 16,000 கிலோ. 42,500உடன் கூட்ட 58,500. இதுதான் இசட்எஃப்டபிள்யூ. வரம்பு 62,730, எனவே இன்னும் 4,230 கிலோ சரக்குக்கு இடம் இருக்கிறது. இப்போதைக்குச் சரக்கு வேண்டாம்.

நேர்கோட்டில் சுமார் 1,575 கடல் மைல். வான்வழிப் பாதையில் வளைந்து போவதால் 1,620 என்று எடுப்போம். 737-800 நிதானப் பறப்பில் மணிக்கு 2,400 முதல் 2,500 கிலோ வரை எரிக்கும். காற்று இல்லாவிட்டால் தரைவேகம் 450 நாட், அதாவது மணிக்கு 450 கடல் மைலை, ஒட்டி இருக்கும். அதாவது ஒரு கடல் மைலுக்கு ஏறக்குறைய 5.5 கிலோ. மேலே ஏறுவதற்கான கூடுதல் செலவுக்கு 600 கிலோ சேருங்கள். 1,620 × 5.5 = 8,910, அதோடு 600, மொத்தம் 9,510. 9,500 என்று வைப்போம். இந்தக் குறுக்குவழி சிம்பிரீஃப் தரும் எண்ணுக்கு மாற்று இல்லை, ஆனால் அது தருவது நம்பத்தக்கதா என்று அரை நிமிடத்தில் சோதிக்க உதவும். அங்கே 4,300 என்றோ 21,000 என்றோ வந்தால் அலகோ விமான வகையோ தப்பு.

எதிர்க்காற்று 40 நாட் என்றால் தரைவேகம் 410க்கு இறங்கும், மைலுக்கு 6 கிலோ ஆகும். அதே பாதைக்கு 800 கிலோ கூடுதல். ஆகையால் காற்றைப் பார்க்காத எரிபொருள் கணக்கு கணக்கே இல்லை. நேரடி வானிலையோடு பறப்பவர்கள் புறப்படுவதற்குச் சற்று முன்பு திட்டத்தை மறுபடி உருவாக்க வேண்டும். நேற்று மாலை உருவாக்கியதை இன்று எடுத்துப் பறக்காதீர்கள்.

மொத்தக் கணக்கு இப்படி வரும்:

- டாக்ஸி: 200 கிலோ
- பயணம்: 9,500
- எதிர்பாராதவற்றுக்கு 5%: 475
- மாற்று விமான நிலையம் கோலாலம்பூர், சுமார் 160 கடல் மைல்: 1,600
- இறுதிக் கையிருப்பு, 30 நிமிடம்: 1,150
- கூடுதலாக 15 நிமிடம் வட்டமிட: 575

கூட்டினால் 13,500 கிலோ. இதுவே பிளாக் ஃப்யூவல், அதாவது புறப்படும் முன் டேங்கில் இருக்க வேண்டிய மொத்தம்.

இறுதிக் கையிருப்பு என்பது ஜெட் விமானம் நிலையத்துக்கு 1,500 அடி மேலே, வட்டமிடும் வேகத்தில் 30 நிமிடம் பறக்கத் தேவையான அளவு. அதைத் தொடும் எண்ணத்தோடு யாரும் திட்டம் போடுவதில்லை. கீழே இறங்கும்போதும் அது டேங்கில் இருக்க வேண்டும். சிமுலேட்டரில் பலர் இதை "எப்படியும் இருக்கிற எண்ணெய்தானே" என்று செலவுக்கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அதன் பிறகு ஒரு கோ-அரவுண்டு (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது) வந்தால் யோசிக்க நேரம் இருக்காது. கடைசி வரியில் உள்ள 575 உங்கள் தீர்ப்புக்கு விட்டது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பிற்பகல் இடிமழை காட்டினால் சேருங்கள். வானம் தெளிவாக இருந்தால் விட்டுவிடலாம்.

மூன்று வரம்புகளிலும் உரசிப் பாருங்கள்

டேக்-ஆஃப் எடை: 58,500 + 13,500 − 200 = 71,800. வரம்பு 79,010. சரி.
லேண்டிங் எடை: 71,800 − 9,500 = 62,300. வரம்பு 66,360. சரி.
ஸீரோ ஃப்யூவல்: 58,500. வரம்பு 62,730. சரி.

இப்போது அதே ஆட்களோடு டேங்கை நிரப்பிப் பாருங்கள். 58,500 + 20,890 − 200 = 79,190. டேக்-ஆஃப் வரம்பை 180 கிலோ தாண்டிவிட்டது. அது சிறிய தொகைதான். உண்மையான சிக்கல் சிங்கப்பூரில் காத்திருக்கிறது. கூடுதலாக ஏற்றிய 7,390 கிலோவைச் சுமக்கவே எரிபொருள் எரியும். பொதுவாகக் கூடுதல் எடையில் மணிக்கு 3 முதல் 4% வரை அப்படிப் போகும். 3 மணி 50 நிமிடப் பயணத்தில் அது ஏறக்குறைய ஒரு டன். அந்த ஒரு டன் கரைந்த பிறகும் லேண்டிங் எடை 68,700ஐ ஒட்டி நிற்கும். வரம்புக்கு மேல் 2,300 கிலோ. எரிபொருளைக் கொட்டும் வசதி 737இல் கிடையாது. வட்டமடித்து எரித்துத் தீர்க்க வேண்டும், அல்லது எடை மீறி இறங்க வேண்டும்.

ஆக, எவ்வளவு நிரப்பலாம் என்பதற்கு உச்ச எண் கொள்ளளவு அல்ல. லேண்டிங் வரம்போடு பயண எரிபொருளைக் கூட்டுங்கள்: 66,360 + 9,500 = 75,860. இதுவும் 79,010உம் பார்த்தால் சிறியது 75,860. அதிலிருந்து 58,500ஐக் கழித்து டாக்ஸிக்கு 200 சேர்க்க 17,560. அன்றைய தினத்துக்கு உங்கள் உச்சம் அதுதான். குறுகிய தூரப் பயணங்களில் டேக்-ஆஃப் வரம்பைவிட லேண்டிங் வரம்புதான் முதலில் கழுத்தைப் பிடிக்கும். இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு எடைக் கணக்கில் பாதி முடிந்தது.

கட்டமைப்பு வரம்புக்குள் இருப்பதாலேயே ஓடுபாதையும் தாங்கும் என்று எண்ண வேண்டாம். சென்னையின் பெரிய ஓடுபாதை சுமார் 3,650 மீட்டர், திருச்சியினுடையது சுமார் 2,480 மீட்டர். இதே சிங்கப்பூர்ப் பயணத்தை மே மாத நண்பகலில் திருச்சியிலிருந்து தொடங்கினால், 79 டன்னுக்கு முன்பே ஓடுபாதையின் நீளமும் வெப்பமும் உங்களை நிறுத்திவிடக்கூடும். டேக்-ஆஃப் கணிப்பான் தரும் எடைதான் அப்போது பேசும்.

டேங்குகளும் எஃப்எம்சியும்

737-800இல் இரண்டு இறக்கை டேங்குகள், ஒவ்வொன்றும் சுமார் 3,915 கிலோ. நடு டேங்கு சுமார் 13,065. விதி எளிது: இறக்கைகள் முதலில் நிரம்ப வேண்டும். அவை நிரம்பாமல் நடு டேங்கில் 453 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. இறக்கையில் உள்ள எரிபொருளின் எடை, பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைவதை எதிர்த்து அழுத்திப் பிடிக்கிறது. அதனால்தான் இந்த வரிசை, எரிக்கும்போதும் நடு டேங்கே முதலில் காலியாகும். நம் 13,500இல் இறக்கைகளுக்கு 7,830, நடுவில் 5,670.

கையால் ஒவ்வொரு டேங்காகப் பட்டையை இழுப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். மூன்று டேங்கிலும் 65% என்று சமமாக வைத்தால் மொத்தம் சரியாக வந்தாலும் பரவல் தப்பு. மொத்த எண்ணை மட்டும் கொடுத்து, பிரிப்பதை விமானத்தின் டேப்லெட்டிடம் விடுங்கள். நல்ல ஆட்-ஆன் விமானங்களுக்கு எரிபொருள், பயணிகள் இரண்டையும் அவற்றின் சொந்த டேப்லெட்டிலோ எஃப்எம்சி மெனுவிலோதான் மாற்ற வேண்டும். சிமுலேட்டரின் பொது எடைப் பட்டியலில் மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

பம்புகள்: டாக்ஸிக்குத் தயாராகும்போது நடு டேங்கில் 2,300 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், டேக்-ஆஃபுக்கு நடுப் பம்புகள் அணைந்திருக்க வேண்டும். நம்மிடம் 5,670 இருப்பதால் போட்டே புறப்படலாம். நடுவில் எரிபொருள் இருந்தும் பம்பைப் போட மறந்தால், விமானம் இறக்கை டேங்குகளிலிருந்து குடித்துக்கொண்டே போகும். கான்ஃபிக் என்ற எச்சரிக்கை வரும். அதைக் கவனிக்காமல் விட்டவர்கள் நடு டேங்கு நிறைய, இறக்கை டேங்குகளில் "லோ" எச்சரிக்கையோடு இறங்க நேரும். ஒரு இறக்கையில் 907 கிலோவுக்குக் கீழே போனால் அந்த எச்சரிக்கை எரியும். இரு இறக்கைக்கும் வித்தியாசம் 453 கிலோ தாண்டினால் சமநிலை எச்சரிக்கை.

எஃப்எம்சியின் பெர்ஃப் இனிட் பக்கத்தில் இசட்எஃப்டபிள்யூ வரியில் 58.5 என்று போடுங்கள். மொத்த எடை வரியை விமானமே நிரப்பிக்கொள்ளும். மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை, இசட்எஃப்டபிள்யூ இடத்தில் 71.8ஐப் போடுவது. எஃப்எம்சி அதன்மேல் எரிபொருளை மறுபடி கூட்டி 85 டன் என்று நினைத்துக்கொள்ளும். வேகங்கள் எல்லாம் தேவைக்கு மேல் ஏறும், உகந்த உயரம் தாழ்ந்துவிடும். எதிர்த்திசைப் பிழை இன்னும் ஆபத்தானது. எடையைக் குறைத்துப் போட்டால் சுழற்சி வேகம் (மூக்கைத் தூக்க வேண்டிய வேகம்) குறைவாக வரும், மூக்கைத் தூக்குவீர்கள், விமானம் எழாது, வால் தரையில் உரசும். ரிசர்வ்ஸ் வரியில் மாற்று நிலையமும் இறுதிக் கையிருப்பும் சேர்ந்த 2,750ஐ, அதாவது 2.8 என்று போடுங்கள். இலக்கில் மிச்சம் அதற்குக் கீழே போகும் என்று தெரிந்தால் எஃப்எம்சியே எச்சரிக்கும்.

ஏர்பஸ் ஏ320இல் இதே எண்கள் இனிட்-பி பக்கத்தில் போகும், ஈர்ப்பு மையத்தோடு சேர்த்து. இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் மறைந்துவிடும். மறந்தவர்கள் ஃப்யூவல் ப்ரெட் பக்கத்தில் போடலாம்.

உயரத்தையும் எடைதான் தீர்மானிக்கும். 71.8 டன்னில் உகந்த உயரம் 34,000 அடியை ஒட்டி இருக்கும். கிழக்கு நோக்கிப் போவதால் 33,000 அல்லது 35,000. இரண்டு மணி நேரம் எரித்த பிறகு 37,000க்கு ஏறலாம். தொடக்கத்திலேயே 39,000 கேட்டு வேகம் சரிந்து நிற்பது எடையைப் பார்க்காததன் விளைவு.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது

மொத்தம் சரியாக இருந்தாலும், பாரம் பின்னால் குவிந்தால் விமானம் பறக்கத் தகுதியில்லை. இதை செஸ்னா 172எஸ்இல் போட்டுப் பாருங்கள். உச்ச எடை 2,550 பவுண்டு. ஒவ்வொரு எடையையும், விமானத்தின் குறிப்புக் கோட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். தூரங்கள் அங்குலத்தில்: முன் இருக்கை 37, பின் இருக்கை 73, எரிபொருள் 48, முதல் சாமான் பகுதி 95.

வெற்று எடை 1,680, அதன் மையம் 40 அங்குலம் என்று கொள்வோம்: 67,200. முன்னால் இருவர் 340 பவுண்டு: 12,580. பின்னால் இருவர் 340: 24,820. பைகள் 50: 4,750. இதுவரை 2,410 பவுண்டு. மிஞ்சுவது 140 பவுண்டு, அதாவது 23 கேலன் சொச்சம். அதன் பெருக்கல் 6,720. மொத்தம் 1,16,070ஐ 2,550ஆல் வகுக்க 45.5 அங்குலம். உச்ச எடையில் அனுமதி 41.0 முதல் 47.3 வரை. உள்ளேதான் இருக்கிறது, ஆனால் பின்பக்கம் சாய்ந்து.

நான்கு பேரோடு டேங்கை நிரப்பினால், பயன்படக்கூடிய 53 கேலன் 318 பவுண்டு. வரம்பு 178 பவுண்டு மீறும். நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேரும் ஃபுல் டேங்கும் போகும் என்பது தவறான நம்பிக்கை. 23 கேலனில் 45 நிமிடக் கையிருப்புக்கு 7, ஸ்டார்ட்டுக்கும் டாக்ஸிக்கும் 1.4, ஏற்றத்துக்கு 1.5 போக, மணிக்கு 9 கேலன் கணக்கில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சென்னையிலிருந்து புதுச்சேரி 65 கடல் மைல், தாராளம். திருச்சி 159 கடல் மைல், எதிர்க்காற்று சிறிது அடித்தாலும் கையிருப்பில் கை வைக்க வேண்டியிருக்கும். ஒருவரை இறக்கிவிட்டு இன்னும் 28 கேலன் ஏற்றுவதே சரி.

மையம் முன்னால் போனால் மூக்கு கனக்கும், இறங்கும்போது ஃப்ளேர் செய்ய (தரை தொடும் முன் மூக்கைத் தூக்க) பெரிய இழுப்பு வேண்டும். பின்னால் போனால் கட்டுப்பாடு மிக இலகுவாகத் தோன்றும், மூக்கு தானாக மேலே போகும், ஸ்டாலிலிருந்து (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) மீள்வது கடினம். 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் ஷார்லட்டில் ஏர் மிட்வெஸ்ட் 5481, ஒரு பீச் 1900டி, புறப்பட்டவுடன் மூக்கு எழும்பி விழுந்து 21 பேரும் இறந்தார்கள். மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரின் கம்பிகள் தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்தன. அதோடு மையம் வரம்புக்குப் பின்னால் இருந்தது. பயணிகளின் சராசரி எடை என்று வைத்திருந்த எண் உண்மையைவிடக் குறைவு என்பது அதன் பிறகே உறைத்தது. சிமுலேட்டரிலும் ஆளுக்கு 70 கிலோ என்று குறைத்துப் போட்டு மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

737இல் இந்தக் கணக்கை டேப்லெட் போட்டு, மையத்தைச் சதவீதமாகத் தரும். அதை டேக்-ஆஃப் பக்கத்தில் இட்டால் ட்ரிம் எண் (வால் சிறகை வைக்க வேண்டிய நிலை) வரும். அந்த ட்ரிம்மை வைக்காமல் புறப்படாதீர்கள்.

வழியில் பார்க்க வேண்டியவை

அரை மணிக்கு ஒரு முறை, திட்டத்தாளில் அந்த வழிப்புள்ளிக்கு நேரே உள்ள எரிபொருளையும் டேங்கில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். சாங்கியில் மிச்சம் 3,800 இருக்க வேண்டும். ஏற்றம் முடியும்போது 200 கிலோ குறைந்திருந்தால் பதற வேண்டாம். அந்த வித்தியாசம் ஒவ்வொரு புள்ளியிலும் வளர்கிறதா என்பதே கேள்வி. வளர்ந்தால் காற்று, உயரம், திறந்து மறந்த ஸ்பாய்லர், மூடாத ஃப்ளாப் இவற்றில் ஒன்று காரணம்.

எரிபொருள் குறையவே இல்லை என்றால், உதவி அமைப்பில் வற்றாத எரிபொருள் என்ற தேர்வு இயங்குகிறது. அப்போது சிங்கப்பூரிலும் எடை 71.8 டன்னாகவே இருக்கும், லேண்டிங் வரம்புக்கு மேல் ஐந்தரை டன். ஒரு டன்னுக்கு ஏறக்குறைய ஒரு நாட் என்ற கணக்கில் இறங்கும் வேகமும் கூடும். அதை அணைத்துவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

செலவு தொடர்ந்து ஒரே பக்கம் பிசகினால், சிம்பிரீஃபில் உள்ள விமான விவரம் உங்கள் மாடலோடு பொருந்தவில்லை. பல தயாரிப்பாளர்கள் தங்கள் விமானத்துக்கென்றே விவரக் கோப்பு தருகிறார்கள், அதை எடுத்து வெற்று எடையை ஒப்பிடுங்கள். அதன் பிறகும் மூன்று நான்கு பயணங்களில் 3% கூடுதலாக எரிந்தால், சிம்பிரீஃபின் ஃப்யூவல் ஃபேக்டரில் பி03 (3% கூட்டு) என்று வையுங்கள். ஒரே ஒரு பயணத்தை வைத்து மாற்றாதீர்கள், அன்று காற்று மாறியிருக்கலாம்.